பெருவிரல் மேலே

மத்தியானத்துக்குள் தஸ்நேவிஸ் தன் பட்டறையில் ஐந்து கைத்துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டி, 'பழுதில்லை' முத்திரை குத்திவிட்டான். தூத்துக்குடியில் போலீஸ் ஸ்டேஷன்களை இழுத்து மூடிப் பல வருஷம் ஆயிற்று. உன் உயிர் உன் பொறுப்பு என்று அரசாங்கம் கையைக் கழுவிவிட்டு, பதினெட்டு முடிந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு துப்பாக்கியைக் கொடுத்தது. பிறகு அந்தத் துப்பாக்கிகளைக் கண்டு தானே பயந்து, ஊரை நான்காக வெட்டி நடுவில் கேட் போட்டது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை.

கேட்டுக்கு மேலே வானக்கண் மிதக்கும். டிரோன் என்றால் எல்லாருக்கும் புரியும். கேட்டைத் தாண்டுகிறவர் தோட்டா அடுக்கும் மேகசினைக் காலியாகப் போட்டு, துப்பாக்கியின் மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட வேண்டும். அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் நகர்மூடி. தோட்டா இல்லையென்றால் பக்கவாட்டிலுள்ள சின்னக் கொக்கி எழும்பி ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும், அது திறந்தே நிற்கும். போகலாம். மூடிக்கொண்டால், உள்ளே தோட்டா இருக்கிறது என்று வானக்கண் எடுத்துக்கொள்ளும். மூன்று நொடி பொறுக்கும். பிறகு சுடும்.

ஆறாவது துப்பாக்கியைக் கொண்டுவந்தவள் சலேத்மேரி டீச்சர். எட்டு மாதம் முன்னால் அவள் புருஷன் ரோச் இதே துப்பாக்கியோடு கேட்டில் வானக்கண் சுட்டு விழுந்தவன். செத்தவன் துப்பாக்கி பெண்டாட்டிக்கு வரும், அவள் தன்னுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம்.

"தம்பி, இழுத்து விட்டா நிக்க மாட்டேங்கு. நாலு மணிக்கு எம் மக ஜெசிந்தா ஹாஸ்டல்லேர்ந்து வாரா. போன வாரந்தான் பதினெட்டு முடிஞ்சுது. துப்பாக்கியோட முதல் தடவை கேட் தாண்டுதா. நானும் இதுவரை கேட் தாண்டுனதில்ல, இன்னைக்கு அந்தப் பக்கம் போயி கூட நின்னு கூட்டியாரணும்."

"அவ துப்பாக்கி?"

"புதுசு. அதுக்கு ஒண்ணுமில்ல. இந்தச் சனியனத்தான் பாக்கணும்."

தஸ்நேவிஸ் மேகசின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தான். விறைப்பாக இருந்தது. கொக்கி தேயவில்லை, அது மாட்டுகிற பள்ளமும் மழுங்கவில்லை. எண்ணெய் விட்டு இழுத்தான். நின்றது. பத்துத் தடவை இழுத்தான், பத்துத் தடவையும் நின்றது. ரோச் செத்தபோது பட்டறைக்காரன் அறிக்கையிலும் 'பழுதில்லை' என்றுதான் எழுதியிருந்தது. எழுதியவன் தஸ்நேவிஸ்தான்.

பட்டறைக்குள் சொந்தக்காரர் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பது விதி. பழுது பார்ப்பவனே இழுத்துப் பார்ப்பான், அவனே முத்திரை குத்துவான். அன்றைக்கு ஏனோ அவனுக்கு அந்த விதி எரிச்சலாக இருந்தது.

"டீச்சர், நீங்க இழுங்க பாப்போம்."

அவள் விறைப்பாக நின்று இழுத்து விட்டாள். ஸ்லைடு மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் மூடிக்கொண்டது.

அவன் அவள் கையைப் பார்த்தான். பெருவிரல் பக்கவாட்டில் நீளமாகப் படிந்து, கொக்கியை எழும்ப விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது.

"அந்த விரல எதுக்கு அங்க வச்சிருக்கிய?"

"பெருவிரல் மேலே, முன்னால நீட்டி. பயிற்சிப் புத்தகத்துல அப்படித்தான போட்டிருக்கு. பத்து வருஷமா பள்ளிக்கூடத்துல அதத்தான நடத்துதேன்."

"பிள்ளையளுக்கு எந்தத் துப்பாக்கி?"

"மரத் துப்பாக்கி."

மரத் துப்பாக்கியில் கொக்கி ஏது? பாடத்தை மறந்து பிடி தளர்த்தியவர்கள்தான் இத்தனை நாளும் கேட்டில் தப்பியிருக்க வேண்டும். தஸ்நேவிஸ் பள்ளிக்கூடப் பக்கம் போனவனில்லை, பட்டறையிலேயே கை பழகியவன். அவன் விரல் தானாகக் கீழேதான் இருக்கும். அதனால்தான் அவன் கையில் எந்தத் துப்பாக்கியும் பழுதானதில்லை. இத்தனை முத்திரை குத்தினானே, ஒரு தடவையாவது இன்னொருத்தர் கையில் கொடுத்துப் பார்த்தானா? அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"விரல இறக்கி இழுங்க டீச்சர்."

இழுத்தாள். ஸ்லைடு திறந்து நின்றது.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் வீட்டுக்காரவுக கடல்காரவுக. பள்ளிக்கூடப் பயிற்சி கெடையாது. விரலத் தொங்கப் போட்டுத்தான் பிடிப்பாவ, ஒரு நாளும் கேட்ல தடங்கல் வந்ததில்ல." அவள் துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். "ஊரே சிரிக்குன்னு நாந்தான் திருத்தினேன். மறுநா கேட்டுக்குப் போனாவ."

சுவர்க் கடிகாரம் நாலடிக்கப் பத்து நிமிஷம் என்றது. அவளும் அதைப் பார்த்தாள்.

"ஜெசி," என்றாள். "பயிற்சியில அவதான் முதல்."

கேட் பக்கம் போன் எடுக்காது. இரண்டு பேரும் ஓடினார்கள். கம்பி வேலிக்கு அப்பால் ஜெசிந்தா வரிசையில் முதல் ஆளாக நின்றாள், பையைத் தரையில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்திருந்தாள். பதற்றத்தில் பிடி தளர்ந்து, அவள் பெருவிரல் கீழே இறங்கியிருந்ததைத் தஸ்நேவிஸ் தன் கண்ணாலேயே பார்த்தான். அப்படியே இழுத்திருந்தால் போதும்.

"ஜெசி! விரலு! பெருவிரலு!" என்று சலேத்மேரி அலறினாள்.

வகுப்பில் டீச்சர் அப்படிக் கத்துவது ஒன்றுக்காகத்தான். மகள் அம்மாவைக் கண்டு முகம் மலர்ந்தாள். சட்டென்று நிமிர்ந்து நின்று, பெருவிரலை மேலே ஏற்றி, முன்னால் நீட்டி, அழுத்திப் பிடித்து இழுத்து விட்டாள்.

ஸ்லைடு மூடிக்கொண்டது. சரியாகப் பிடித்தேனா என்று கேட்கிற முகத்தோடு அவள் அம்மாவைப் பார்த்தாள். மூன்று நொடியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.