பழைய அங்கிப் பெருநாள்

நோன்புப் பெருநாளுக்கு இன்னும் மூன்றே நாள். தியேஸ் நகரமே தையல்கடை வாசலில் நின்றது. செய்னாபுவின் அம்மா மட்டும் வீட்டில் துணிப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டி மூடவில்லை. அம்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்தார்.

“போதும்டி!” என்றார் மூச்சுவாங்க. “போன நோன்பு முழுக்கத் தையல்காரர் மசாம்பா கடை வாசல்லயே காத்துக் கிடந்தேன். இந்த வருஷம் யாருக்கும் புதுத் துணி கிடையாது. இருக்கறதைப் போடுவோம்.”

“ஐயோ அம்மா! பழசா?”

“பழசா? இந்தப் பச்சை அங்கியை நீ ஒரே ஒரு நாள்தான் போட்ட.”

செய்னாபு எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கேதான் அவள் தோழி சாதியோ இருந்தாள்.

செய்னாபு ஞாய் குடும்பத்துப் பெண். சாதியோ ஜோப் குடும்பம். ஞாயும் ஜோப்பும் எதிரெதிரே வந்தால் கேலி செய்தே ஆகவேண்டும். கேலிக்குக் கோபப்படக் கூடாது, அழவும் கூடாது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

“ஏ அரிசி தின்னி, வரியா?” என்பாள் சாதியோ, தினமும் காலையில்.

“இரு சட்டி நக்கி, வரேன்!” என்பாள் செய்னாபு. பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள்.

ஆனால் பழைய துணியைக் கேலி செய்தால் என்ன பதில் சொல்வது? பெருநாள் மாலையில் பிள்ளைகள் எல்லாரும் வீடுவீடாகப் போய் வாழ்த்துச் சொல்லிக் காசு வாங்குவார்கள். தெருவே பார்க்கும். சாதியோ ஏற்கெனவே அறிவித்துவிட்டாள்: “பழசு போட்டுட்டு வர்றவங்களுக்கு ஒரு பாட்டு கட்டி வச்சிருக்கேன்!”

மூன்று நாளும் செய்னாபு அந்தப் பாட்டைக் கற்பனை செய்தே நடுங்கினாள். கனவில்கூட யாரோ கைதட்டிப் பாடினார்கள்.

பெருநாள் வந்தது. தயிர் ஊற்றிய கம்பங்கூழைச் செய்னாபு பாதியில் வைத்துவிட்டாள். மாலையில் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டாள். புதிது மாதிரிதான் இருந்தது. சாதியோவுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். போகுமா? அவள் கண் பருந்துக் கண்ணாயிற்றே!

கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். தெருவெல்லாம் மொடமொடவென்று புதுத் துணிகள். சாதியோவைக் காணோம்.

‘அப்பாடா, முன்னாலேயே போய்விட்டாள் போல!’ என்று நினைத்தாள். ஆனால் தன்னைக் கூப்பிடாமல் சாதியோ ஒரு பெருநாளுக்கும் போனதில்லை. காய்ச்சலாக இருக்குமோ? இப்போது பயம் வேறு பக்கம் திரும்பியது. எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

சாதியோ கட்டிலுக்கடியில் இருந்தாள். உள்பாவாடையோடு, அழுது வீங்கிய முகத்தோடு.

“போயிடு! பாட்டுப் பாடத்தானே வந்த?”

“என்னடி ஆச்சு?”

“மசாம்பா மாமா இன்னும் தச்சு முடிக்கவே இல்ல. கடை பூட்டியிருக்கு. போன வருஷத்துதை எல்லாம் அக்கா பொண்ணுக்குக் கொடுத்தாச்சு. நான் எப்படி வெளிய வருவேன்? எல்லாரும் சிரிப்பாங்க.”

செய்னாபு திகைத்துப்போனாள். மூன்று நாளாகத் தன் வயிற்றில் கிடந்த அதே பயம், அச்சுப் பிசகாமல் சாதியோவின் முகத்தில் இருந்தது. கேலி செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு ஞாய்க்குக் கிடைக்காது. ஆனால் அவள் வீட்டுக்கு ஓடிப்போய், சாதியோவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று பெட்டியைக் கிளறினாள்.

அளவு சரியாக இருந்தது நீல அங்கி ஒன்றுதான். அது நிறைய நாள் உழைத்த அங்கி. நீளம் போதாமல் அம்மா கீழ்மடிப்பைப் பிரித்து விட்டிருந்தார். மேலே எல்லாம் வெளுத்திருக்க, மடிப்புக்குள் இருந்த நான்கு விரல் துணி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அதை எடுத்துக்கொண்டு போனதும் சாதியோ அந்தப் பட்டையைப் பார்த்தாள். அவள் உதடு மறுபடி கோணியது. “இதைப் பாத்தா குருடன்கூடக் கண்டுபிடிச்சிடுவான்.”

அந்தப் பட்டையோடு தெருவில் போகச் செய்னாபுவுக்கும் பயம்தான். ஆனாலும் பச்சை அங்கியைக் கழற்றி நீட்டினாள்.

“இதை நீ போட்டுக்கோ. நீலத்தை நான் போட்டுக்கறேன்.”

இருவரும் தெருவில் இறங்கினார்கள். செய்னாபு தலை நிமிரவில்லை. ‘இதோ பார்க்கிறார்கள், இதோ சிரிக்கப் போகிறார்கள்’ என்று ஒவ்வோர் அடிக்கும் நினைத்தாள். முதல் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் வீட்டிலும் இல்லை. புதுத் துணிக்காரர்கள் கஞ்சி அரித்துக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். நீல அங்கியோ பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மரமெல்லாம் ஏறியிருக்கிறாள். இன்றைக்குத்தான் இவ்வளவு பயம்.

மூன்றாம் வீட்டு வாசலில் யாரோ தலைதெறிக்க ஓடிவந்தார். தையல்காரர் மசாம்பா! காதில் பென்சில், கையில் தகதகவென்று மின்னும் ஊதா அங்கி.

“சாதியோ! முடிச்சிட்டேம்மா! ஓடிப்போய் மாத்திட்டு வா!”

தெருப்பிள்ளைகள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். செய்னாபு ஓரடி பின்வாங்கினாள். சாதியோ மாற்றிக்கொண்டு வருவாள். அப்புறம் பழசோடு நிற்கப்போவது செய்னாபு ஒருத்திதான். அப்புறம் அந்தப் பாட்டு.

சாதியோ ஊதா அங்கியைத் தொட்டுப் பார்த்தாள். ஆசையாகத்தான் பார்த்தாள். பிறகு நீல அங்கியின் பளிச் பட்டையைப் பார்த்தாள்.

“மாமா, இது போன வருஷத்துப் பச்சை. இந்த அரிசி தின்னியோடது. எனக்கு நல்லாத்தானே இருக்கு?” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை என்ன பண்றது?”

“அடுத்த பெருநாளுக்கு எடுத்து வைங்க. ஒரு தடவையாவது நீங்க முன்கூட்டியே தச்சு முடிச்சதா பேர் வரட்டும்!”

தெருவே சிரித்தது. மசாம்பாவும் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் செய்னாபு. சாதியோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நீலப் பட்டை பறக்க, அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.