இடப்பக்கச் சங்கிலி

காலை 9.10. மாதிரி வாகனம் செய்வோர் சங்கப் போட்டி அரங்கின் மூன்றாம் மேசையில், உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் போர் டாங்கி ஒன்று ஒரு பக்கச் சங்கிலியோடு நொண்டியாக நின்றது. இடப்பக்கச் சக்கரங்கள் வெறுமையாக இருந்தன.

"கூடப் பிறந்த திருடன்!" என்று அண்ணன்காரர் பாய்ந்தார். காணாமல்போன சங்கிலியைத் தம்பியின் பெட்டியிலிருந்து அவரே எடுத்து எல்லோருக்கும் காட்டியிருந்தார். "இவனைச் சங்கத்தை விட்டே தூக்கணும்!"

தம்பியும் அதே போட்டிக்கு ஒரு டாங்கி செய்து வைத்திருந்தான். ஒரே வீடு, ஒரே வேலை மேசை, ஆனாலும் எலியும் பூனையும்தான். அவனை நாலு பேர் மதிக்கிற இடம் இந்தச் சங்கம் ஒன்றுதான்.

சங்கச் செயலாளர் அம்மாள் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். அவருக்கு அண்ணன்காரரைக் கண்டாலே ஆகாது. அதனாலேயே கூடுதல் நிதானத்தோடு விசாரித்தார்.

9.20.

"சங்கிலி எப்ப மாட்டினீங்க?"

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு ஒட்ட ஆரம்பிச்சேன். அன்னிக்கே ரெண்டு பக்கமும் மாட்டியாச்சு. காலைல பார்த்தா பிடுங்கியிருக்கான்."

"நீ என்னப்பா சொல்றே?"

"தொடவே இல்லைங்கம்மா."

"நாலரை மணிக்கு எனக்குப் போன் பண்ணி, இவனை ஒரு மணி நேரம் திட்டினீங்களே?"

"திட்டினேன். அதுக்கென்ன?"

அம்மாள் சங்கிலியை மேசைமேல் வைத்தார். தொண்ணூறு குட்டிக் கண்ணிகள், ஒன்றுகூட விடுபடவில்லை. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனையும் அடிஸ்கேல் மாதிரி எழுந்தது. டாங்கியின் வலப்பக்கச் சங்கிலியோ சக்கரங்களைச் சுற்றி வளைந்து, மேலே லேசாகத் தொய்ந்திருந்தது.

9.35.

"திருட்டே நடக்கல," என்றார் அம்மாள். "கண்ணிங்களை வரிசையா ஒட்டி, பசை இளக்கமா இருக்கும்போதே சக்கரத்துல சுத்திடணும். காய்ஞ்சா இருக்கிற வாக்குல இறுகிடும். சக்கரத்துல காய்ஞ்சதைப் பிடுங்கினா வளைவோடதான் வரும். நிமிர்த்தினா ஒடியும்."

லேசாக வளைத்தார். சங்கிலி டக்கென்று முறிந்தது.

"இது சக்கரத்துல ஏறினதே இல்ல. நீங்க என்கிட்ட திட்டி முடிக்கிறதுக்குள்ள மேசையில பசை காய்ஞ்சிடுச்சு. தம்பி ஜெயிக்கிறதைப் பார்க்க மனசில்ல. பெட்டியில வெச்சது நீங்கதான்."

தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் சரி என்று நினைக்கிற ஜென்மம். அண்ணன்காரர் முறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"கேட்டிருந்தா என்கிட்ட இருக்கிற கண்ணிங்களைத் தந்திருப்பேனே அண்ணா," என்றான் தம்பி.

"உன்கிட்ட கையேந்துறதுக்கு நான் சாகலாம்."

அதற்குப் பிறகு தம்பி அவரை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை.