கால் பங்கு ஏக்கம்

காலை பத்தே முக்காலுக்கு, சமையற்கட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நம்பிராஜனுக்கு, வாழ்நாளில் ஒரு தடவைகூட விழுங்கியிராத மாத்திரை ஒன்றின் மேல் ஆசை வந்தது. அதன் நிறம்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஊறியது. முதுகில் யாரோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கப்போவதைப் போல ஓர் எதிர்பார்ப்பு பரவியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“பர்வீன், ஒங்களுதா?”

“எனக்குத்தான் அண்ணாச்சி. மழை வரப்போவுதுல்லா. மழை வந்தா முட்டு வலிக்கும், வலிச்சா இது வந்துரும்.”

நம்பிராஜன் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். கணக்கு வாத்தியார் ஜெபசிங் ஏற்கெனவே நாளிதழை மடித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மாடியிலிருந்து மதிவதனி தலையை வாரிக்கொண்டே இறங்கி வந்து பர்வீனின் பக்கத்தில் அமர்ந்தாள். யாருடைய அலையாக இருந்தாலும் நான்கு பேரும் சேர்ந்து உட்காருவது அந்த வீட்டின் வழக்கம். இருபது நிமிடத்தில் அது வடிந்தது. நம்பிராஜன் வெண்டைக்காய்க்குத் திரும்பினார்.

பாபநாசம் மலையடிவாரத்தில், ஆற்றுச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தது அந்த நால்வர் இல்லம். அப்போது ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட இல்லங்கள் வந்துவிட்டிருந்தன. குடியோ, மாத்திரையோ, சூதோ, தீராத மனச்சோர்வோ, எதுவானாலும் மருத்துவமனை வார்டில் தனித்தனியாகப் படுக்கவைப்பது பழைய முறையாகிவிட்டது. நான்கு பேரை ஒரு வீட்டில் குடிவைத்து, ஆளுக்கொரு பங்கி பொருத்தினார்கள். பங்கி என்பது புளியங்கொட்டை அளவுள்ள கருவி. இடது காதுக்குப் பின்னால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒருவருடைய மூளையில் ஏக்கமோ சோர்வோ அலையாக எழும்போது அதை அளந்து, நான்காகப் பிரித்து, நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பங்காகத் தந்துவிடும். ஏக்கத்தை ஒரேயடியாக அழித்துவிடப் பார்த்த கருவிகள் அதற்கு முன்பே வந்து தோற்றிருந்தன. அழித்த ஏக்கம் நாலே நாளில் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அதை யாராவது உணர்ந்தே தீர வேண்டும். யார் உணர்கிறார்கள் என்பது மட்டும் மூளைக்கு ஒரு பொருட்டில்லை என்பதுதான் கண்டுபிடிப்பு. முழு அலையில் எப்பேர்ப்பட்டவனும் சாய்ந்துவிடுவான். கால் அலையில் உட்கார்ந்திருக்கலாம்.

நம்பிராஜன் சேரன்மாதேவிப் பக்கம் பெயர்பெற்ற கல்யாணச் சமையல்காரர். ஆயிரம் பேர் பந்திக்கு உப்பு பார்க்காமலே போடுகிறவர் என்று சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் குடித்தார். வேலை முடிந்ததும் குடித்தவர், பிறகு வேலைக்கு நடுவில் குடித்தார், கடைசியில் குடிப்பதற்கு நடுவில் வேலை பார்த்தார். ஒரு வளைகாப்பில் கொதிக்கும் ரசத்தோடு அண்டாவைச் சாய்த்துவிட்டார். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. மறுவாரம் அவர் மனைவி முப்பிடாதி அவரை அழைத்துவந்து நால்வர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனாள்.

முதல் மாதம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. என் கஷ்டம் போதாதென்று ஊரான் கஷ்டத்தையும் என் தலையில் கட்டுகிறீர்களா என்று மருத்துவர் சங்கரவடிவிடம் சண்டை போட்டார். ஜெபசிங்குக்கு சீட்டாட்டச் செயலியின் மேல் ஆசை வரும்போதெல்லாம் இவருக்குக் கட்டைவிரல் துடித்தது. ஆனால் அவரைப் புரட்டிப்போட்டது மதிவதனியின் காலைப்பொழுதுதான்.

மதிவதனிக்கு இருபத்தாறு வயது. எந்தப் பழக்கமும் கிடையாது. படித்து, நல்ல வேலையில் இருந்தவள், ஒரு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனாள். அது இரண்டு வருடம் நீண்டது. இல்லத்துக்கு வந்த புதிதில் நம்பிராஜனுக்கு அவளைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. உழைக்கிற வீட்டில் பிறந்திருந்தால் இந்த நோயெல்லாம் வருமா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் நெஞ்சின்மேல் நனைந்த சாக்கு மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல ஒன்று வந்து விழுந்தது. வலி இல்லை, அழுகை இல்லை. எதற்காகவும் எழுந்திருக்க வேண்டியதில்லை என்கிற ஒரு நினைப்பு மட்டும். இரண்டு ஆள் பிடிக்கிற சருவச்சட்டியைத் தனியாகத் தூக்குகிற மனிதர், தலையணையிலிருந்து தலையைத் தூக்க அரை மணி நேரம் போராடினார். இது கால் பங்கு என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது நான்கு பேர் பிரித்துச் சுமப்பதை இந்தப் பெண் இரண்டு வருடம் தனியாக, முழுசாகச் சுமந்திருக்கிறாள், அதற்கு நடுவே பல் துலக்கியும் இருக்கிறாள்.

அன்றைக்கு அவராகவே சமையற்கட்டுக்குள் போனார். தேங்காய்ப்பால் எடுத்து, இஞ்சிப் பச்சடியோடு சொதி வைத்தார். கல்யாணத்துக்கு மறுநாள் புதுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வைக்கிற சொதி. மதிவதனி இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள். அப்போது நெஞ்சிலிருந்து மூட்டை லேசாக நகர்ந்ததை நான்கு பேருமே உணர்ந்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையல் அவர் கைக்கு வந்தது.

ஏழாவது மாதம் அவருடைய மைத்துனர் மகனுக்குக் கல்யாணம். ஒரு நாள் விடுப்பில் அனுப்பினார்கள். தூரம் பங்கிக்கு ஒரு தடையில்லை. பந்தி முடிந்தபின், பழைய கூட்டாளிகள் பாத்திரங்கள் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் அவரை அன்போடு கூப்பிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நீண்ட நாள் கழித்துப் பார்த்த சிநேகிதனுக்கு அவர்களிடம் கொடுப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். தம்ளரில் ஊற்றும் சத்தம் கேட்டதும் நம்பிராஜனுக்குள் அலை எழுந்தது. இதுவரை வந்ததிலேயே பெரியது. கால் பங்கே அவருடைய பழைய முழு அளவுக்கு இருந்தது. கை தம்ளரை வாங்கிவிட்டது.

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. மதிவதனி. அது அவளுக்கு எழுந்திருக்க முடியாத நாள் என்று காலையிலேயே அவருக்குத் தெரியும்.

“அண்ணாச்சி, மூணு பேரும் கூடத்துல ஒக்காந்துட்டோம்,” என்றாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. “நீங்களும் எங்கனயாவது ஒக்காருங்க. பேச வேண்டாம், போனை மட்டும் வச்சிராதீங்க.”

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார். கைபேசியில் மூன்று பேருடைய மூச்சு கேட்டது. நடுவில் பர்வீன் ஏதோ ஓதுவதும், ஜெபசிங் நிமிடங்களை எண்ணிச் சொல்வதும் கேட்டது. மேலப்பாளையத்து நர்ஸம்மா பர்வீனும், பாளையங்கோட்டை வாத்தியாரும், தன் மகளாக இருக்கக்கூடிய ஒரு பெண்ணும், வாயில் வைத்தே அறியாத சாராயத்தின் மேல் வெறி கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதை அவர் நினைத்துப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. இருபத்தாறாவது நிமிடத்தில் அலை இறங்கியது. எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

பத்தாவது மாதம், அலையின் உயரத்தைக் கோடாக வரைந்து காட்டும் அவருடைய அலைப்பலகையில் கோடு தரையோடு படிந்தது. ஆறு வாரம் அது தலைதூக்கவே இல்லை. குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய இடத்துக்கு, கஞ்சாவில் சிக்கிய ஒரு மின்வாரிய ஊழியர் வந்துசேர்ந்திருந்தார். மதிவதனி இப்போதெல்லாம் வாரத்தில் ஐந்து நாள் தானாக எழுந்துவிடுகிறாள். அவள் அவருக்குக் கொடுத்த பரிசு ஒரு மேலங்கி, சமையலுக்குப் போட்டுக்கொள்ள. பர்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இனி எங்கள் மூன்று பேருக்கும் யார் சொதி வைப்பார்கள் என்று கேட்டார். புதிதாக வந்த மின்வாரியக்காரருக்குச் செய்முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டதாக நம்பிராஜன் சொன்னார்.

அவரை அழைத்துப் போக முப்பிடாதி வந்திருந்தாள். மருத்துவர் அறையில் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, பங்கி எப்படி வேலை செய்கிறது என்று சங்கரவடிவு விளக்குவதைக் கடைசி வரை கேட்டாள். இத்தனை மாதமும் யாரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. ஒருவருடைய பாரத்தை நான்கு பேர் பிரித்துக்கொள்வது என்பதை மட்டும் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு, தனக்கு அதை மாட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

இது நோயாளிகளுக்கானது என்றார் மருத்துவர்.

“தெரியுது. சும்மா மாட்டிப் பாருங்க டாக்டர்.”

மருத்துவருக்கு வயது அறுபதுக்கு மேல். முப்பிடாதியின் முகத்தில் எதைப் பார்த்தாரோ, மறுப்புச் சொல்லாமல் எழுந்து ஒரு பங்கியை எடுத்து அவள் காதுக்குப் பின்னால் ஒட்டினார். சாயங்காலம் ஐந்தரை மணி. அலைப்பலகையில் கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போனது. பலகையின் மேல்விளிம்பைத் தொட்டு அங்கேயே நின்றது.

“ஒங்களுக்கு என்ன பழக்கம்?” என்று மருத்துவர் மெதுவாகக் கேட்டார்.

“எனக்கு என்ன பழக்கம்? ஒரு பழக்கமும் கெடையாது. அஞ்சரை ஆச்சுன்னா வாசக்கதவு சத்தத்துக்குக் காத்திருப்பேன். நடை எப்படி வருதுன்னு கேப்பேன். அதை வச்சுதான் அன்னைக்கு என்ன நடக்கும்னு தெரியும். அம்புட்டுதான்.” கணவன் பக்கம் திரும்பாமலே அவள் தொடர்ந்தாள். “இவுக இங்க இருந்த பதினோரு மாசமும் அது நிக்கல டாக்டர். வீட்டுக்கு யாரும் வர மாட்டாவன்னு தெரியும். ஆனாலும் அஞ்சரைக்கு வந்துரும்.”

சங்கரவடிவு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இத்தனை வருடமாக வீட்டை விட்டு வந்தவர்களை மட்டுமே அளந்துகொண்டிருந்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு முப்பிடாதியிடம், இல்லத்தில் ஓர் இடம் காலியானதும் சேர்த்துக்கொள்கிறேன், ஆறு மாதமாவது தங்க வேண்டியிருக்கும் என்றார்.

“நான் எதுக்கு இங்க வந்து இருக்கணும்? எனக்கு இது வந்தது எங்க வீட்டுல. அங்கனயே போவட்டும்.” இப்போதுதான் அவள் நம்பிராஜனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. “இவுக நாலு பேருக்குச் சொமந்தாவன்னு சொல்லுதீய. எனக்கும் சொமக்கச் சொல்லுங்க.”

இரண்டே பேர் என்றால் கால் பங்கு இல்லை, சரிபாதி என்று மருத்துவர் எச்சரித்தார். இதுவரை யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. பயத்துக்குக் காரணமானவரையே அதில் பங்காளியாக்குவது சரிதானா என்றும் அவருக்குத் தயக்கம். நம்பிராஜன், அன்று காலையில் கழற்றி மேசையில் வைத்திருந்த தன் பங்கியை எடுத்து மருத்துவரிடம் நீட்டினார்.

அது ஒட்டிய கணத்தில் அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். ஏக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சோர்வு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டிருந்தார். இது வேறு. வயிற்றுக்குள் ஒரு காது முளைத்து வாசலையே கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. இதனோடு இவள் சோறு வடித்திருக்கிறாள், துணி மடித்து வைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் அவுக நல்லாருக்காவ என்று பதில் சொல்லியிருக்கிறாள். அவர் அவள் கையைத் தொடலாமா என்று யோசித்தார். பிறகு கேட்டுவிட்டே தொட்டார். அவள் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

சேரன்மாதேவியில் அவர்களுடைய வீடு, மாவட்டத்தின் முதல் இருவர் இல்லம் என்று பதிவேட்டில் ஏறியது. மருத்துவர் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் நம்பிராஜன் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் முப்பிடாதியின் பயம் போகாது. அது எழுந்து, உணரப்பட்டு, வடிய வேண்டும். அதனால் அவர் தினமும் ஐந்து மணிக்கு வெளியே போய், ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்.

முதல் நாள் கறிவேப்பிலை வாங்கப் போனார். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே அது பிடித்துக்கொண்டது. சுத்தமான மூச்சோடு, துவைத்த வேட்டியோடு, கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு எட்டையும் உள்ளே முளைத்திருந்த அந்தக் காது கேட்டது. செருப்பு தரையில் உரசியபோது உடம்பு தூக்கிப்போட்டது. நடையை மெதுவாக்கினார், பயம் கூடியது. வேகமாக்கினார், அப்போதும் கூடியது. எப்படி நடந்தாலும் அந்த நடைக்கு ஒரு அர்த்தம் இருந்தது, அந்த வீட்டில் அது தெரிந்தும் இருந்தது. வாசல் கம்பிக்கதவின் கொண்டியில் கை வைத்ததும், உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொள்வது அவருடைய நெஞ்சிலேயே தெரிந்தது.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றார். தான் அப்படியே தெருவோடு போய்விட்டால் இந்த வீட்டில் நிம்மதியாகிவிடும் என்று தோன்றியது. ஆனால் பதினோரு மாதம் போயிருந்தும் நிம்மதியாகவில்லையே என்பதும் நினைவுக்கு வந்தது. கொண்டியைத் தூக்கினார்.

முப்பிடாதி கூடத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, “கருவேப்பில கெடச்சுதா?” என்று கேட்டாள். குரல் நடுங்கியது.

“கெடச்சுது,” என்றார் அவர். அவர் குரலும் அதே அளவுக்கு நடுங்கியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை இன்னொருவர் முகத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முறத்தைச் சற்றுத் தள்ளிவைத்து அவருக்கு இடம் விட்டாள். நம்பிராஜன், இன்னும் தன்னைப் பார்த்துத் தானே பயந்துகொண்டு, மெல்ல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.