நின்ற இடத்திலேயே நில்

ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் அவள் ஒரு டிக்கெட்தான் கேட்டாள். வழிகாட்டி சுருளிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை உரித்தான். அதன் அடியில் நீல ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. பெரியவர்களுக்கு மஞ்சள், குழந்தைகளுக்கு நீலம்.

“இந்தச் சுருள்ல நீலமே கிடையாதே!” என்று அவன் புரட்டிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு இரண்டையும் அவளிடமே கொடுத்தான். “வச்சுக்கோங்கம்மா. எந்த ஊரு நீங்க?”

“இதே ஊர்தான்.”

“அட! உள்ளூர்க்காரங்க யாரும் இதுல ஏறி நான் பார்த்ததே இல்லைங்க. இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு வெளியூருக்குத்தான் ஓடுவாங்க.”

அவளும் சிரித்து வைத்தாள். கண்ணாடிக்கடையில் மூக்குக் கண்ணாடி துடைத்துக் கொடுக்கிறவள் வேலைக்கு மட்டம் போட்டு, கணவனிடம் பொய் சொல்லிவிட்டு, தொப்பி வைத்த வெளியூர்க்காரர்கள் நடுவே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் வேடிக்கையாக இராது? ஆனால் பழுது பார்ப்பதற்காக மணிக்கூண்டை நாளை மூடுகிறார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு விட்டால் இல்லை.

பல வருடங்களுக்கு முன்பு அந்த மணிக்கூண்டின் மேல்தளத்தில்தான் அவளுடைய மகள் தொலைந்து போனாள். ஏழு வயது. விடுமுறைக் கூட்டத்தில் கை நழுவியது, அவ்வளவுதான்.

பஸ் அரண்மனையைக் காட்டியது, அருங்காட்சியகத்தைக் காட்டியது. தினம் கடந்து போகும் தெருக்களை பஸ்ஸின் மேல்மாடியிலிருந்து பார்த்தபோது அவை யாருடைய ஊரோ போல இருந்தன. ஒரு திருப்பத்தில் அவளுடைய வீடே வந்தது. பால்கனியில் கணவன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தான். அவளை அடையாளம் தெரியவில்லை.

“இடது பக்கம் பார்க்க ஒண்ணுமில்லைங்க, சாதாரண வீடுங்கதான்,” என்றான் வழிகாட்டி மைக்கில்.

மணிக்கூண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஈரக்கல்லின் வாடையும் பழைய கிரீஸின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, தலைக்கு மேலே கடிகாரத்தின் பல்சக்கரங்கள் யாரோ பல்லைக் கடிப்பதைப் போல நறநறக்க, சுற்றிச் சுற்றிப் போன படிகளில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மேல்தளத்தில் துப்புரவு அம்மாள் ஒருத்தி பெரிய ஜன்னலின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழுக் கண்ணாடியையும் விட்டுவிட்டு, இடுப்பு உயரத்தில் ஒரே இடத்தை.

“என்ன கறைங்க அது?”

“கறை இல்லைம்மா, ஆவி படியற மாதிரி. நானும் வந்த நாளா துடைக்கிறேன், போக மாட்டேங்குது. சனியன்!” வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தாள்.

தொழில் பழக்கம், பையில் எப்போதும் வைத்திருக்கும் துணியால் இவளும் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்றானது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம் பனித்தது. சுருங்கியது. மறுபடியும் பனித்தது.

ஒரு குழந்தையின் மூச்சு அளவுக்கு.

மகளுக்கு அவள் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. தொலைஞ்சு போனா நின்ன இடத்துலயே நில்லு. யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே, அசையாதே. அம்மா வந்து ‘வாண்டு’ன்னு கூப்பிடுவேன், அப்பதான் வரணும். அன்றைக்கு ஒலிபெருக்கியில் மகளின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். மேல்தளத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று என்று போலீஸ் சொன்னது. அதை நம்பி அவள் கீழே தெருத்தெருவாக ஓடினாள். மேலே ஏறி வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. பாவி, சொல்லவே இல்லை.

முழங்காலிட்டாள்.

“வாண்டு...”

பனித்த வட்டம் அப்படியே நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டதைப் போல. பிறகு அவள் விரல்களுக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. ஐஸ்கட்டிக் குளிர்.

“எவ்வளவு நேரம்மா!”

அதே பச்சை கவுன். அதே ஏழு வயது. கண்கள் மட்டும் வெகுநாள் தூங்காத கண்கள்.

“யார் யாரோ கூப்பிட்டாங்க. நான் போகவே இல்லை. கால் வலிக்குதும்மா.”

“என் கண்ணே, அம்மா வந்துட்டேன்டி. வா, வீட்டுக்குப் போலாம்.” நீல ஸ்டிக்கரை எடுத்து மகளின் தோளில் ஒட்டினாள்.

“அப்பா எங்க?”

“வீட்டுல இருக்காரு. நமக்காக.”

குழந்தை யோசித்தது. “அப்போ நான் போய் அப்பாவைக் கூட்டிட்டு வரேன். நீ நின்ன இடத்துலயே நில்லு. யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே, அசையாதே. நான் வந்து கூப்பிடறேன்.”

அவள் சொல்லிக் கொடுத்த அதே வார்த்தைகள். அதே அக்கறை.

கை விலகியது. அவள் எழுந்து நின்றாள். ஓரடி எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

படிகளில் சின்னச் செருப்புச் சத்தம். இறங்கியது. இறங்கியது. நின்றது.

வழிகாட்டி மூச்சிரைக்க மேலே வந்தான். “மஞ்சள் ஸ்டிக்கர் யாராவது இருக்கீங்களா? பஸ் கிளம்புது!” அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கிடந்தது.

அவன் இறங்கிப் போனான்.

கீழே பஸ் தெரிந்தது. மேல்மாடியில் அவளுடைய இருக்கையில் பச்சை கவுன். வழிகாட்டி குனிந்து நீல ஸ்டிக்கரைப் பார்த்தான். தலையைத் தட்டிக் கொடுத்தான். பஸ் புறப்பட்டது. அவள் வீட்டுத் தெருப் பக்கமாகத் திரும்பியது. குழந்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருட்டிவிட்டது. கதவு சாத்தும் முன் துப்புரவு அம்மாள் கடைசியாக ஒரு சுற்று வந்தாள். இவளுக்கு வெகு அருகில், முகத்துக்கு முகம் நின்று, கண்ணாடியைப் பார்த்தாள்.

“என்னடா இது, இன்னைக்கு மேலே ஏறிடுச்சு?”

எக்கித் துடைத்தாள். விளக்கை அணைத்தாள். கதவு பூட்டும் சத்தம் கேட்டது.

கண்ணாடியில், முக உயரத்தில், ஒரு வட்டம் பனித்தது. சுருங்கியது. மறுபடியும் பனித்தது.