பின்சீட்டு ஈரம்

டேங்க் முன்னால் இருக்கிறது, பெட்ரோல் வாடை மட்டும் பின்னாலிருந்து வந்தது. பழைய பைக் என்றால் ஆயிரம் நோவு இருக்கும், அது ஃபிட்டரான அவனுக்குத் தெரியாததா? மூன்று நாளாக விடாமல் தேடினான். பெட்ரோல் டியூபை மாற்றினான், புது வாஷர் போட்டான், கார்ப்பரேட்டரையே கழற்றித் துடைத்தான். வாடை போனால்தானே! தெருமுனை மெக்கானிக் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை, உங்கள் சட்டை முதுகுதான் நாறுகிறது என்று சிரித்தான். ஒன்பது மாத வயிற்றோடு இருந்த மனைவியும் அதையேதான் சொன்னாள், சிரிக்காமல். எந்த நேரமும் வலி வரலாம், வீட்டில் இருப்பதோ இந்த ஒரே வண்டி. வழியில் தீப்பிடித்துவிட்டால்?

நாலாம் நாள் மத்தியானம் மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்தி, மனைவியின் பவுடர் டப்பாவை எடுத்துவந்து என்ஜின் முதல் சீட் வரை வெள்ளையாகத் தூவினான். ஒழுகும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும், பட்டறையில் வழக்கமாகச் செய்கிற வேலைதான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தான். மேலே குழாயில் தண்ணீர் சொட்டுவதும், பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைப்பதும் கேட்டன. என்ஜின் காய்ந்து கிடந்தது, டியூபும் அப்படியே. வாடையோ தொண்டை கமறும் அளவுக்கு ஏறிக்கொண்டே போனது. பின்சீட்டில்தான் பவுடர் மெல்ல மெல்லக் கறுத்தது, இரண்டு தொடைகளின் அகலத்துக்கு. சீட்டின் ஸ்பிரிங் ஒருமுறை கிரீச்சிட்டு அமுங்கியது.

இனி இதில் ஏறினால் நான் மனுஷனே இல்லை என்று எழுந்தான். அதே நேரம் மேலிருந்து மனைவி கூப்பிட்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். தெருவில் வாடகை வண்டி எதுவும் இல்லை. மனைவி படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேறு வழி? சீட்டைத் துணியால் அழுத்தித் துடைத்தான். துணியில் ஈரமே ஏறவில்லை. அவளை மெதுவாக ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

பாலம் ஏறும்போது அவன் இடுப்பை இரண்டு கைகள் சுற்றி வளைத்தன. பாவம், பயந்துவிட்டாள் என்று அவனுக்கு மனசு இளகியது.

"அப்படியே கெட்டியாப் பிடிச்சுக்கோ. இதோ வந்தாச்சு."

"நான் எங்க உங்களைப் பிடிச்சேன்? பின்னாடி கம்பியைத்தானே பிடிச்சிருக்கேன்."

குனிந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. சட்டை நனைந்து ஒட்டியது. இறுக்கம் கூடியது. நிறுத்தலாமென்றால் பாலத்தில் ஓரமே இல்லை. இடப்பக்கம் கைப்பிடிச் சுவர். வலப்பக்கம் லாரி. பின்னால் இன்னொரு லாரியின் ஹாரன்.

மூச்சு முட்டியது.

பிறகு, பிடி தளர்ந்தது. ஒரு விரல். இன்னொரு விரல். இடுப்பை விட்டு இரண்டு கைகளும் பின்னால் நழுவின. கடவுளே, விட்டுவிட்டது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

மனைவி காதருகே சொன்னாள், வலியோடு, கொஞ்சம் எரிச்சலோடு.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. எதுக்கு வயித்துல கை வைக்கிறீங்க? சில்லுன்னு இருக்கு."

அவனுடைய இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருந்தன.