வாத்து வெளியே வராது!

"ஐயோ... என் பொண்டாட்டி!"

அருவியின் இரைச்சலைப் பிளந்துகொண்டு வந்தது அலறல்.

தகவல் மையத்துக்குள் ஓடி வந்தவன் தொப்பலாக நனைந்திருந்தான்.

"பாறையில நின்னு போட்டோ எடுத்துட்டிருந்தா... வழுக்கி விழுந்துட்டா!"

கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால் நின்றவளின் முகம் வெளுத்தது.

பார்வையாளர்களுக்கு அருவியைப் பற்றி விளக்குபவள் அவள். நிலவியல் பட்டதாரி. தொட்டிக்குள் ஒரு குட்டி அருவியை ஓடவிட்டுக் காட்டுவதால், 'தொட்டி டீச்சர்' என்று பெயர்.

இவனை அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்!

கல்யாணமானவன் என்பதுதான் இப்போது தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி.

"எந்தப் பக்கம் விழுந்தாங்க?"

"இடது பக்கம் மேடம். நானும் குதிச்சேன்... பிடிக்க முடியல. ஆத்தோட போயிட்டா! கீழ இருக்கற பாலத்துக்கிட்ட தேடச் சொல்லுங்க, ப்ளீஸ்!"

மீட்புக் குழு கயிறுகளோடு பாலத்துக்குக் கிளம்பியது.

பொய்!

இடது பக்கம் விழுந்தது எதுவும் ஆற்றோடு போகாது. அது அவனுக்கும் தெரியும். சொல்லிக் கொடுத்ததே அவள்தான்!

வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால்.

திறக்காவிட்டால்...? அந்தப் பெண் இன்னும் உயிரோடு இருந்தால்?

"மேடம்..." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மேடம்! பாலத்துக்குப் போக வேணாம். இவர் பொய் சொல்றார்!"

"எப்படிச் சொல்ற?"

அவள் சுவிட்சைத் தட்டினாள். தொட்டிக்குள் குட்டி அருவி கொட்டியது. மஞ்சள் பிளாஸ்டிக் வாத்தை இடது பக்கம் போட்டாள்.

வாத்து விலகிப் போகவில்லை. அருவியை நோக்கியே ஓடியது. அமுங்கியது. எழுந்தது. மறுபடி ஓடியது. செக்குமாடு மாதிரி!

"இடது பக்கம் விழற தண்ணி அடிவரைக்கும் போய், தள்ளி மேல வருது மேடம். அதுல ஒரு பகுதி அருவிக்கே திரும்பி ஓடுது. வாத்து வெளிய வராது. இவர் அங்க குதிச்சிருந்தா இவரும் வந்திருக்க மாட்டார்."

"இது இவருக்குத் தெரியும்ங்கறியா?"

"மூணு தடவ வந்து கேட்டார்."

"இந்த இடத்துக்கே நான் இன்னிக்குத்தான் வர்றேன் மேடம்!" அவன் சீறினான்.

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆயிரம் பேர் வர்ற இடம். இவர மட்டும் எப்படிம்மா ஞாபகம்?"

அவள் தொட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"மூணாவது தடவ... வாத்த இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கன்னார். 'உங்களுக்காக'ன்னு சொல்லிப் போட்டேன்." அவள் தரையைப் பார்த்தாள். "அன்னிக்கு லிப்ஸ்டிக் போட்டுட்டு வந்திருந்தேன் மேடம். அவர் வருவார்னு."

டிக்கெட் கவுண்டர்காரர் 'களுக்'கென்று சிரித்தார்.

"கனவு கண்டிருக்கு, பாவம்!" என்றான் அவன். "நீங்களே பாருங்க மேடம்... இந்த மூஞ்சிக்கு நான் மூணு தடவ வருவேனா?"

அவள் காது மடல்கள் எரிந்தன. அப்படியே தொட்டிக்குள் அமுங்கிவிடலாம் போலிருந்தது.

"என்னைப் பத்தி என்ன வேணா நினைச்சுக்கங்க. அருவிக்குப் பின்னாடி பாருங்க! மேல கெட்டிப் பாறை, கீழ இளகின பாறை. கீழ இருக்கறத தண்ணி அரிச்சு அரிச்சு, உள்ள ஒரு குகையே இருக்கு. காத்தும் இருக்கு, ஏறி நிக்க இடமும் இருக்கு. இழுக்கற தண்ணியோட சண்டை போடாம, மூச்சைப் பிடிச்சு அது கூடவே போனா..."

"குகையா?" அவன் குரல் உடைந்தது. "அத நீ சொல்லவே இல்லையே!"

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். லேட்!

"அது பாடத்தோட ரெண்டாவது பாதியில வரும்," என்றாள் அவள் மெல்ல. "நீங்க எப்பவும் வாத்து முடிஞ்சதுமே எழுந்து போயிடுவீங்க."

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸை எடுத்தார். "திரும்பி வாங்க! அருவிக்குப் பின்னாடி... சீக்கிரம்!"

காத்திருந்தார்கள். அவள் நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டாள்.

கதவு திறந்தது.

போர்வைக்குள் நடுங்கியபடி... உயிரோடு... அவன் மனைவி!

புருஷனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்கு வந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா... நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்து..." என்றாள் தொட்டி டீச்சர்.

"போன தடவ இவர் வந்தப்ப, கடைசி வரிசையில கறுப்புக் கண்ணாடி போட்டு ஒருத்தி உக்காந்திருந்தாளே, ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி. "அது நான்தான்."

இல்லை. அன்று பாடத்தின் பின்பாதி முழுக்க டீச்சரின் கண் வாசலிலேயே இருந்தது.

"இவர் அடிக்கடி எங்க போறார்னு பார்க்க வந்தேன். இவர் எழுந்து போயிட்டார். உன்ன நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னு நான் கடைசிவரை உக்காந்திருந்தேன். திட்ட வந்தவ, பாடத்த முழுசா கேட்டுட்டேன்."

"ஏன்... திட்டல?"

"நீ வாசலையே பார்த்துட்டிருந்தியே. பாவமா போச்சு. இன்னிக்கு இவரே கூப்பிட்டதும், மனசு திருந்திட்டாருன்னு நம்பி வந்தேன். பாறையிலேர்ந்து தள்ளிவிட்டுட்டார். நானும் உன்ன மாதிரிதான்."

தொட்டி டீச்சர் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். உதட்டில் எதுவும் இல்லை. இருந்தும் துடைத்தாள்.

'க்ளிக்!' விலங்கை மாட்டினார் இன்ஸ்பெக்டர்.

"பாதிக் கிளாஸ்ல எழுந்து போற பழக்கத்த விட்டுடுங்க சார்... எங்க கிளாஸ்ல வெளிய பூட்டு போட்டுடுவோம்!"