சுவரோர மேசை

என் மனைவிக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சல், இறங்கும்போது அதையும் கூடவே கொண்டுபோய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும். அதனால் அவளோடு வெளியே சாப்பிடப் போவதற்கு ஒரு முறை உண்டு. அவளுடைய இடப்பக்கம் சுவர் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருந்தால், யாராவது பேசி, தான் கவனிக்காமல் விட்டுவிடுவோமோ என்று அவளுக்கு ஓயாத பதற்றம். நான் எதிரில், அவள் வலது காதுக்குத் தோதாக, கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எட்டு வருடத்தில் அத்துப்படி. ஆனால் அவள் பேசும்போது காது கொடுத்துக் கேட்க மட்டும் நான் பழகவில்லை. மூன்று மாதம் முன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். சண்டைகூடப் போடவில்லை. "எனக்கு ஒரு காதுதான் கேக்காது. உனக்கு ரெண்டும் கேக்கல" என்று மட்டும் வாசலில் நின்று சொன்னாளாம். அவள் அக்கா பிற்பாடு சொல்லித்தான் அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கெஞ்சிக் கூத்தாடியதில் கடைசியாக ஒரு மாலைக்கு ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு சாப்பாடு, நாங்கள் இரண்டு பேர் மட்டும். அது முடிந்ததும் வீட்டுக்கு வருவதா, வக்கீலிடம் போவதா என்று சொல்லிவிடுவதாகப் பேச்சு. இடத்தை நீயே பார் என்று என்னிடம் விட்டுவிட்டாள்.

நான் ஏசி மெக்கானிக். கூட்டாளிகள் என்னைக் கூலிங் என்றுதான் கூப்பிடுவார்கள். சத்தம் என் தொழில். கண்ணை மூடிக்கொண்டு காதை வைத்தால் ஃபேன் தேய்கிறதா, பேரிங் போயிற்றா, குழாயில் காற்று அடைக்கிறதா என்று சொல்லிவிடுவேன். காரணமில்லாமல் எந்தச் சத்தமும் வராது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் மார்தட்டிக்கொள்வேன். அந்தத் திமிரோடுதான் ஹோட்டல் தேடக் கிளம்பினேன்.

என் சோதனை சுலபமானது. இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அவள் உட்காரப்போகும் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது. முதலில் போனது மொட்டை மாடியில் மெழுகுவத்தி வைக்கிற இடம். பார்க்க ஜோராகத்தான் இருந்தது, ஆனால் கீழே ரோட்டில் போகிற அத்தனை வண்டியும் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது இடத்தில் நாலு பக்கமும் கண்ணாடி, ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு ஸ்பீக்கர். ஒரு கரண்டி விழுந்தால் பத்து கரண்டி விழுந்த மாதிரி இருந்தது. அங்கே அவளை உட்கார வைப்பதற்குப் பதிலாக நேராக வக்கீல் வீட்டுக்கே கூட்டிப் போகலாம்.

மூன்றாவது இடம் ஒரு சந்துக்குள் இருந்தது. பழைய கட்டடம், தடித்த சுவர், எட்டே மேசை. கனமான திரைகள். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது. மெழுகும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடை. மூலையில் ஒரு மேசை, இடப்பக்கம் வெறும் சுவர். இதைவிட வாட்டமான இடம் கிடைக்காது என்று எனக்கு வாயெல்லாம் பல்.

மதியம் தாண்டிய நேரம், வேறு யாரும் இல்லை. கடை நடத்துகிற அம்மாள் கல்லாவுக்குப் பக்கத்தில் துடைத்த கண்ணாடி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மூலையில் போய் உட்கார்ந்து பஞ்சை அடைத்துக்கொண்டேன். எதிர் நாற்காலியைப் பார்த்து, அவளிடம் சொல்வதற்கு வைத்திருந்ததை எல்லாம் மெல்லிய குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மன்னிச்சுடு, இனிமே நீ பேசினா போனை எடுக்க மாட்டேன், அப்படி இப்படி. முடிவில், "கேக்குதா?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு, என் இடது காதில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"கேக்குது."

என் குரல்தான். ஆனால் நான் சொல்லவில்லை.

பஞ்சு அடைத்த காது. பஞ்சை எடுத்துப் பார்த்தேன், சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே பழைய காற்றுக்குழாய் ஓடுகிறது, நம் பேச்சு அதில் போய்த் திரும்புகிறது, வார்த்தையை நாமே நிரப்பிக்கொள்கிறோம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லி முடித்தேன்.

சனிக்கிழமை ஆறரைக்கு அந்த மேசை வேண்டும் என்றதும் அந்த அம்மாளின் கை நின்றது. அது தனியாக வருகிறவர்கள் உட்காருகிற இடம், ஜோடிக்கு ஜன்னலோரம் தருகிறேன் என்றார். ஜன்னலோரத்தில் இடப்பக்கம் நடைபாதை இருந்தது. நான் முடியாது என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னா கேளுங்க. அந்த இடம் வேணாம்."

நான் கேட்கவில்லை. என் பிறவிக் குணம் அது. மனைவியின் காது விஷயத்தைச் சொல்லி, கண்ணைக் கசக்காத குறையாகப் பேசி, அந்த மேசையையே வாங்கிவிட்டுத்தான் வந்தேன்.

சனிக்கிழமை அவள் நீலப் புடவையில் வந்தாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. மூலையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள். இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறானே என்கிற சிரிப்பு. பாதிக் கிணறு தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

சூப் வந்தது. நான் ஒத்திகை பார்த்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். நாலு வரி சொல்வதற்குள் எல்லாம் மறந்துபோயிற்று. தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணை மூடி, முகத்தை லேசாகச் சுவர்ப்பக்கம் சாய்த்து, ஒரு பேச்சைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் "ம்" என்றாள். பிறகு, "அது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள். எது என்று எனக்குத் தெரியவில்லை. என் வாயில் ரொட்டி இருந்தது.

மேசை விளக்கின் சுடர் தணிந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை திடீரென்று கனமாக வந்து மூக்கில் ஏறியது. வேண்டுமென்றே உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். யாரோ நகைச்சுவையாக ஏதோ சொன்னதுபோல.

பிறகு அழுதாள்.

பிறகு வலது கையைத் தூக்கி, உள்ளங்கையால் வலது காதைப் பொத்திக்கொண்டாள்.

கேட்கிற காதை.

அப்படியே வெகுநேரம் இருந்தாள். கடைசியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"எட்டு வருஷத்துல நீ இப்படிப் பேசினதே இல்ல" என்றாள். "உன் குரல் இந்தக் காதுல கேக்குதுடா. இடது காதுல."

நான் பேசவே இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் அவள் என் கை மேல் கை வைத்திருந்தாள். நாளைக்கே வேண்டாம், அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாள். கிடைத்ததைக் கெடுத்துக்கொள்வானேன் என்று தோன்றியது. பேசியதெல்லாம் நான்தான் என்பதுபோல் தலையாட்டினேன். குழாய் வழியாகச் சத்தம் அந்தப் பக்கம் போகிறது, எலும்பு வழியாகக் காதுக்கு ஏறுகிறது என்று அவளுக்கு விளக்கமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை. வெட்கமோ, அக்கா ஏதாவது சொல்கிறாளோ என்று நாலு நாள் பொறுத்தேன். வியாழக்கிழமை மாலை அவள் அக்காவே கூப்பிட்டாள். என்னை எப்போதும் வறுத்தெடுக்கிறவள், அன்றைக்குக் குரலெல்லாம் தேன்.

"மாப்பிள்ளை, உங்களத் தப்பா நினைச்சுட்டேன். இப்படிக் கேக்கற ஆளு கிடைக்கணுமே. நாலு நாளா பொழுதன்னைக்கும் உங்ககூடதான் பேச்சு. சிரிப்புச் சத்தம் தெருக் கோடி வரைக்கும் போகுது."

நான் போன் செய்து அவள் எடுக்கவே இல்லையே என்றேன்.

அக்கா மெதுவாக நடப்பது கேட்டது. பிறகு கிசுகிசுவென்று சொன்னாள், அவளுடைய போன் சமையலறையில் சார்ஜில் கிடக்கிறதாம். நாலு நாளாக அங்கேதான் கிடக்கிறதாம்.

"அப்ப அவ யார்கூடப் பேசறா?" என்றாள் அக்கா.

அவளைக் கூப்பிடுங்கள் என்றேன். இல்லையாம், கால்மணி நேரம் முன்னால் நீலப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். நான் வரச் சொன்னேன் என்றாளாம். எந்த இடம் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

வேலை செய்துகொண்டிருந்த வீட்டில் ஏசியைப் பிரித்துப் போட்டது போட்டபடி கிடக்க, அப்படியே வண்டியை எடுத்தேன். எந்த சிக்னலில் நின்றேன், எதில் நிற்கவில்லை என்று ஞாபகமில்லை. சந்துக்குள் ஓடும்போது மஞ்சள் வெயில் இன்னும் சுவர்களில் இருந்தது. கதவருகில் அந்த அம்மாள் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் வழி விட்டார்.

மூலையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இடது காது சுவரோடு ஒட்டியிருந்தது. வலது காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. பேசிப் பேசி முகம் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பேச்சை எட்டு வருடம் என்னிடம் கொட்டினாள், நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு வந்தவனைப் பார்க்கிற பார்வை. கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"மன்னிச்சுக்கங்க, இங்க ஆள் இருக்கு. எங்க வீட்டுக்காரர்."

நான்தான் என்றேன். என்னைப் பார், நான்தான் என்றேன். குனிந்து அவள் வலது காதருகில் பேசினேன், அவள் கையைப் பிடித்தேன். அன்றைக்குப் பேசியது நான் இல்லை என்று அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் புருவத்தைச் சுருக்கிக் கையை விடுவித்துக்கொண்டாள். சுவர்ப்பக்கம் சாய்ந்து, பயந்த குரலில் கேட்டாள்.

"யாரு இவரு?"

என் இரண்டு காதும் திறந்துதான் இருந்தன. பஞ்சு இல்லை, ஏசி ஓடவில்லை, சமையலறையில் சத்தமில்லை.

சுவருக்குள்ளிருந்து என் குரல் வந்தது. நிதானமாக, அன்பாக, நான் ஒருநாளும் அவளிடம் பேசியிராத விதத்தில்.

"ஏசி பாக்க வந்திருக்காரு. நீ சொல்லு, நான் கேக்கறேன்."

அவள் முகத்தில் கலவரம் போய்விட்டது. மேலே இருந்த ஏசியை எனக்குக் காட்டினாள், அதுவாக இருக்கும் என்பதுபோல. பிறகு உள்ளங்கையால் வலது காதை மறுபடி பொத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள்.

நான் பிடித்திருந்த நாற்காலி என் கையிலிருந்து மெதுவாக நழுவி, யாரோ வசதியாக உட்கார்ந்து முன்னால் இழுத்துக்கொண்டதுபோல், மேசைக்கு அருகில் போய் நின்றது.